மூச்சடைத்த தூளி

குளிர்காலத்தில் காட்டில் ஹாமக் கட்டித் தூங்கப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கிடைக்கும் அறிவுரை, ‘நல்லா மூடிக்கோ.’ கடைக்காரர் சொல்வார். யூடியூபில் பொருள்களைப் பிரித்துக் காட்டும் நண்பர் சொல்வார். ஊரிலிருந்து வாட்ஸப்பில் அம்மா சொல்வார். அம்மாவை விட்டுவிடலாம், அவர் அதற்குக் காசு வாங்குவதில்லை. மற்ற இருவரோடும் எனக்குச் சண்டை உண்டு. ஏனென்றால் இந்த அறிவுரை ஆளை நனைக்கிறது. மைனஸ் 15-ல் நனைந்த ஆள் செத்துப்போகவும் கூடும்.

நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில். ஜனவரி இரவுகளில் அல்கோன்குவின் காட்டுப் பக்கம் மைனஸ் 15, மைனஸ் 20 எல்லாம் சர்வ சாதாரணம். அங்கே நான் ஹாமக்கில்தான் தூங்குகிறேன். இரண்டு மரம், நடுவில் ஒரு நைலான் துணி, தலைக்கு மேலே கூரையாக ஒரு டார்ப், உடம்பின் மேல் இறகு அடைத்த போர்வை. முதுகுக்குக் கீழே இன்னொரு போர்வை, அண்டர்குயில்ட், துணிக்கு வெளிப்பக்கமாகத் தொங்கும். உள்ளே போட்டால் நம் எடையில் நசுங்கி, சூட்டைப் பிடித்துவைக்க வேண்டிய காற்று அதில் தங்காது. அவ்வளவுதான் அமைப்பு. நம்மூர்த் தூளிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூளி கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். துணியின் இரண்டு ஓரமும் சேர்ந்து குழந்தையின் முகத்தை மூடிவிடக் கூடாதென்று குறுக்கே ஒரு கம்பு வைப்பார்கள். மூச்சுக்கு வழி விடுவது தூளியின் முதல் விதி. குளிர்கால ஹாமக் வியாபாரம் முழுக்க அந்த விதிக்கு எதிராக நடக்கிறது. ஹாமக்கை மொத்தமாக விழுங்கும் காலுறை போன்ற ஓர் உறை, இரு பக்கமும் கதவு வைத்த டார்ப், அண்டர்குயில்ட்டுக்குக் கீழே நீர் புகாத இன்னோர் உறை. எல்லாம் வாங்கி எல்லாவற்றையும் இழுத்து மூடினால் ‘உள்ளே கதகதன்னு இருக்கும்’ என்கிறார்கள். இருக்கும்தான். முதல் ராத்திரி.

கணக்கைப் பார்ப்போம். தூங்கும் மனிதன் நிமிடத்துக்கு 6 லிட்டர் காற்றை வெளிவிடுகிறான் என்று வைத்துக்கொண்டால், 8 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 3 கன மீட்டர். உள்ளே போகும் மைனஸ் 15 டிகிரிக் காற்றில் கன மீட்டருக்கு ஒன்றரை கிராம் ஈரம்கூடத் தேறாது. வெளியே வரும் மூச்சில் 30 கிராமுக்கு மேல் இருக்கும். ஆக, மூச்சில் மட்டும் ஓர் இரவுக்குச் சுமார் 100 மில்லி தண்ணீர். வியர்வை என்று நாம் உணராமலேயே தோல் விடும் ஈரமும் ஏறத்தாழ அதே அளவு. மொத்தத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். உறையை மூடிப் படுப்பவர் அந்த டம்ளரைத் தானே தன் மேல் கவிழ்த்துக்கொள்கிறார், அதுவும் காசு கொடுத்து.

கவிழ்த்த தண்ணீர் எங்கே போகும்? சூடான ஈரக்காற்று குளிர்ந்த துணியில் பட்டதும் உறைபனியாகப் படியும். மேகமில்லாத இரவில் டார்ப் தன் சூட்டை வானத்துக்கு இழந்து சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும், அதனால் அதன் அடிப்பக்கமும் வெளுத்துப்போகும். நீங்கள் ஒருமுறை புரண்டால் போதும், உறையின் உட்புறத்தில் படிந்த பனி மாவு மாதிரி முகத்திலும் போர்வையிலும் கொட்டும். உடம்புச் சூட்டில் உருகும். இறகு நனைந்து கட்டிகட்டியாகும். கட்டியான இறகில் காற்று தங்காது, சூடும் தங்காது. ‘எங்க துணி மூச்சு விடும் சார்’ என்பார்கள். ஆவி துணியைக் கடந்து போனால்தானே அது மூச்சு? கடுங்குளிரில் ஆவி துணியின் உட்புறத்திலேயே உறைந்து நிற்கிறது. அந்தப் பனித்தோலைத் தாண்டி எதுவும் வெளியே போவதில்லை.

இது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். 1911-ன் அண்டார்டிக் குளிர்காலத்தில், எம்பரர் பென்குயின் முட்டைகளைத் தேடி வில்சன், பவர்ஸ், செரி-கராட் என்ற மூவர் ஐந்து வாரம் இருட்டில் நடந்தார்கள். மைனஸ் 60 டிகிரி வரை அனுபவித்தார்கள். கிளம்பும்போது செரி-கராடின் படுக்கைப் பையின் எடை 18 பவுண்டு. திரும்பி வந்தபோது 45 பவுண்டு. கூடிய 27 பவுண்டும் பனிக்கட்டி, ஏறக்குறைய 12 கிலோ. கூடாரத்துக்குள், பைக்குள், அவருடைய மூச்சும் வியர்வையும் இரவுக்கு இரவு சேர்ந்த கட்டி அது.

இரவுக்கு இரவு சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். என் சண்டையின் மையம் அங்கேதான் இருக்கிறது. நான் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை ஒற்றை இரவோடு முடிகின்றன. கேமராவை வைத்து, உறைக்குள் புகுந்து, காலையில் காப்பி போட்டு, ‘செம்மயா தூங்கினேன் மக்களே’ என்று முடிக்கிறார்கள். காருக்குப் போய் ஹீட்டரைப் போடும் ஆளுக்கு ஈரப்போர்வையால் என்ன நஷ்டம்? அதே உறையை நம்பி மூன்று நாள் நடப்பவனுக்குத்தான் நஷ்டம்.

போன பிப்ரவரியில் எங்களோடு வந்த இளைஞர், படிக்க வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், இப்படி ஒரு முழு உறையைக் கடனட்டையில் வாங்கியிருந்தார். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு எங்களைக் கூப்பிட்டார். பெயரைச் சொல்லக்கூட நாக்கு குழறியது. காய்ந்த உடைக்கு மாற்றி, இன்னொருவரின் போர்வைக்குள் நுழைத்து, சர்க்கரை போட்ட வெந்நீரை மெல்லக் குடிக்க வைத்தோம். விடிந்ததும் அவர் போர்வையை உதறினால் கண்ணாடித்தூள் மாதிரி கொட்டியது. ஊர் திரும்பிக் கடையில் போய்க் கேட்டபோது அவருக்குச் சொன்ன பதில்: ‘இன்னும் தடிமனான போர்வை வாங்கியிருக்கணும்.’

‘காற்றடித்தால்? பொடிப்பனி உள்ளே வந்தால்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காற்று வரும் பக்கம் டார்ப்பைத் தரைவரை இறக்குங்கள், யார் வேண்டாமென்றது? எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். உறைதான் வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே இரண்டு கையகலம் திறந்திருக்கட்டும். உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். காய்ந்த போர்வைக்குள் அந்தக் குறை தெரியவே தெரியாது.

மீதியும் காசில்லாத வேலைதான். மூக்கும் வாயும் எப்போதும் போர்வைக்கு வெளியே, தலைக்குக் கம்பளிக் குல்லா. கழுத்தருகே போர்வையின் மேல் ஒரு சிறிய ஃபிளீஸ் துண்டைப் போடுங்கள், மூச்சுப்பனி அதில் படியட்டும். காலையில் அதை உதறினால் முடிந்தது. பனியைத் துடைக்காதீர்கள், அடுப்பு மூட்டி உருக்காதீர்கள். மூடிய டார்ப்புக்குள் அடுப்பெரித்தால் ஈரத்தோடு கார்பன் மோனாக்ஸைடும் சேரும். உறைந்த பனி தட்டினால் உதிரும், உருகினால்தான் அது எதிரி. ஏரிக்கரையிலும் பள்ளத்திலும் கட்டாதீர்கள், ஈரமும் குளிர்காற்றும் அங்கேதான் தேங்கும். ஊசியிலை மரங்களின் அடியில் கட்டினால் மேலே கிளைகள் வானத்தை மறைக்கும், டார்ப்பில் பனி குறையும். மதியம் போர்வைகளைக் காற்றில் தொங்கவிடுங்கள். மைனஸிலும் பனி நேராக ஆவியாகும், இங்கே பழைய ஆட்கள் குளிர்காலத்திலும் கொடியில் துணி காயப்போட்டவர்கள்தான்.

பல நாள் பயணமா? அப்போது ஆவி புகாத மெல்லிய உறை உதவும், ஆனால் அதன் இடம் உள்ளே, உடம்பை ஒட்டி. தோலின் ஈரம் போர்வைக்குப் போகாமல் அது தடுக்கும். கடை விற்பதோ போர்வைக்கு வெளியே போடும் உறை. அதே பிளாஸ்டிக், தலைகீழ் இடம். அண்டர்குயில்ட்டுக்கு வசதியில்லாதவர்களுக்கு ஈரம் குடிக்காத சாதா ஃபோம் பாய் இருக்கிறது. முதுகு கொஞ்சம் வியர்க்கும், ஆனால் பாய் பாயாகவே இருக்கும்.

இதையெல்லாம் வெறும் சாமான் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. பனிக்காலக் காடு பணக்காரர்களுக்கானது என்ற எண்ணம் இந்த உறைகளோடு சேர்த்து விற்கப்படுகிறது. புதிதாக வந்து இறங்கிய மாணவன் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு ஆறு மாதம் அறைக்குள் கிடக்கிறான், அல்லது கடன் வாங்கி நனைகிறான். அவனிடம் ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன். தம்பி, வெளியே இருக்கும் காற்று காய்ந்த காற்று. ஈரம் உன்னிடமிருந்துதான் வருகிறது. அது வெளியே போக வழி விடு, பாதிக் குளிர் அதோடு போய்விடும். மீதிப் பாதிக்கு ஒரு கம்பளிக் குல்லாவும் காய்ந்த இரண்டாம் ஜோடிக் காலுறையும் போதும்.