தப்பே வராத வாத்தியம்

பொம்மைக் கடையில் கலர் கலராய் எட்டுத் தகடுகளை ஒரு சட்டத்தில் வரிசையாக அடுக்கி, தட்டுவதற்கு இரண்டு குச்சிகளும் சேர்த்து விற்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். பெட்டியில் பெரும்பாலும் ‘சைலபோன்’ என்று போட்டிருக்கும். ‘சைலோன்’ என்றால் கிரேக்க மொழியில் மரம். கட்டைகள் இருந்தால்தான் அது சைலபோன். உலோகத் தகடு என்றால் அதற்குப் பெயர் ‘குளோக்கன்ஷ்பீல்’. ஜெர்மன் வார்த்தை. குளோக்கன் என்றால் மணிகள். ஷ்பீல் என்றால் விளையாட்டு, வாசிப்பு இரண்டும்தான். ஆதியில் நிஜ மணிகளையே வரிசையாக வைத்து வாசித்தார்கள். தகடு வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

பேர் எதுவானால் என்ன என்கிறீர்களா? சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான்.

ஜெர்மனியில் கார்ல் ஆர்ஃப் என்று ஓர் இசையமைப்பாளர். குனில்ட் கீட்மன் என்ற பெண்மணியோடு சேர்ந்து குழந்தைகளுக்கென்றே ஓர் இசைப் பாடமுறையை உருவாக்கினார். 1948-ல் அது பவேரிய வானொலியில் ஒலிபரப்பாயிற்று. 1950 முதல் 1954 வரை ஐந்து புத்தகங்களாக வந்தது. அதற்கான குளோக்கன்ஷ்பீலில் தகடுகளைக் கழற்றி மாட்டலாம். நாலாவதையும் ஏழாவதையும் எடுத்துவிட்டுக் குழந்தை கையில் கொடுத்துவிடுவார்கள். மிச்சம் ஸ, ரி, க, ப, த. அட, நம்ம மோகனம்! எதற்குப் பின் எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? ஒரு ஸ்வரம் பிசகினால் போதும், “உனக்குப் பாட்டு வராதுடி” என்கிறோம். நாலு தடவை அதைக் கேட்ட குழந்தை ஐந்தாம் தடவை வாயே திறக்காது. முதல் பாடத்திலேயே பயம் புகுந்துவிட்டால், பிறகு எந்தப் பாட்டு வாத்தியாராலும் அதை எடுக்க முடியாது.

வாங்கும்போது தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று நீளாமல் ‘டக்’கென்று அடங்கினால் ஆணியை இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், வேண்டாம். முதல் தகடும் எட்டாவதும் கீழ் ஸ, மேல் ஸ என்று சேர வேண்டும். குச்சியின் உருண்டையை நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் சின்னக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் அடைக்கும். குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடவும் விடாதீர்கள்.

தகடு கழற்ற வராவிட்டால், நாலிலும் ஏழிலும் காகிதத் துண்டு ஒட்டி, “இது ரெண்டும் தூங்குது, எழுப்பாதே” என்று சொல்லிவிடுங்கள். பத்து நாள் இஷ்டத்துக்குத் தட்டட்டும். அதற்குள் தானாகவே ஒரு மெட்டு கண்டுபிடித்து, “அம்மா, இதைக் கேளேன்” என்று வந்து நிற்கும். அப்போது அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, முழுசாகக் கேளுங்கள். காகிதத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.