கோப்பு பிள்ளையின் கையில் இருக்கட்டும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு பெட்டியைப் பற்றியது. எத்தனை கிலோ விடுவான், எந்தக் கடையில் பெட்டி மலிவு, மிளகாய்த்தூளை எதில் கட்டினால் கொட்டாது. அடுத்து கோயிலில் அர்ச்சனை, சொந்தபந்தங்களுக்கு ஒரு சாப்பாடு. அன்பினால் செய்யும் இந்தக் காரியங்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. என் கவலை வேறு. அதே வாரங்களில் விசா விண்ணப்பத்தை ஏஜெண்டு நிரப்புகிறார், வங்கிக்கு அப்பா போகிறார், தடுப்பூசி அட்டையை அம்மா தேடி எடுக்கிறார். கடல் கடந்து போகப்போகிற பத்தொன்பது வயதுப் பிள்ளை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இன்றும் ஜூன், ஜூலை வந்தால் பழைய மாணவர்கள் பெற்றோரோடு வீடு தேடி வருகிறார்கள். "எல்லாம் சரியா இருக்கான்னு ஒருதடவ பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்று கோப்பை நீட்டுவது பெரும்பாலும் அப்பாதான். நான் அதை வாங்கிப் பிள்ளையின் மடியில் வைப்பேன். "நீ எடுத்துச் சொல்லுப்பா, இதுல என்னென்ன இருக்கு?" சொல்லத் தெரிந்த பிள்ளை எந்த ஊரிலும் சமாளித்துக்கொள்ளும். சொல்லத் தெரியாத பிள்ளை அன்று மாலையே கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டும். பணத்தைப் பெற்றோர் கொடுங்கள். காகித வேலையைப் பிள்ளை செய்யட்டும் என்பதே நான் எல்லாருக்கும் சொல்வது.

இதை வற்புறுத்துவதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஒருகாலத்தில் விசா என்பது கடப்பிதழில் ஒட்டிய தாள். இங்கிலாந்து இப்போது மாணவர் விசாவை இணையக் கணக்கில் வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் வெகுநாளாகவே அப்படித்தான். இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு எடுக்கும்போதும் பகுதி நேர வேலைக்குச் சேரும்போதும் அந்தக் கணக்கைத் திறந்துதான் தன் உரிமையைக் காட்ட வேண்டும். கணக்கைத் திறக்க மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் வேண்டும். விண்ணப்பத்தை ஏஜெண்டு தன்னுடைய மின்னஞ்சலில் போட்டிருந்தால் பிள்ளையின் விசாவுக்குச் சாவி அவரிடம் இருக்கிறது. அலுவலகம் மூடியிருக்கும் நேரத்தில், எட்டு மணி நேர வித்தியாசத்தில், அந்தப் பிள்ளை யாரைக் கூப்பிடும்? விண்ணப்பம் தொடங்கும் முதல் நாளே பிள்ளையின் மின்னஞ்சல், பிள்ளையின் எண், பிள்ளை மட்டும் அறிந்த கடவுச்சொல் என்று இருக்க வேண்டும்.

ஏஜெண்டுகளில் பொறுப்பானவர்கள் உண்டு. ஆனால் "எங்க சேவை இலவசம்" என்று அவர்கள் சொல்லும்போது பெற்றோர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: அவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கிறது. அதனால் எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவு செய்வதை அவர்களிடம் விடக்கூடாது. அந்தப் பட்டத்துக்கு இங்கே மதிப்பு உண்டா என்பதைப் பிள்ளையே தேட வேண்டும். மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றம் ஏற்றுக்கொள்ளும் பட்டியலைப் பார்க்க வேண்டும். சட்டம் என்றால் சட்டத் தொழில் தகுதி வாரியத்தின் பட்டியல். இங்கிலாந்தில் சட்டம் படித்து முடித்தவர் அங்கேயே பாரிஸ்டர் ஆகாமல் திரும்பினால், இங்கே வழக்கறிஞராவதற்கு சிஎல்பி என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். இதைப் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு கேள்விப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். மூன்று வருடச் செலவுக்குப் பின் இன்னும் ஒரு வருடமா என்று அந்தத் தாய் கேட்டதற்கு என்னிடம் ஆறுதல்தான் இருந்தது, பதில் இல்லை.

பெயர் விஷயத்தில் மற்ற மலேசியர்களைவிட நாம் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். நம் அடையாள அட்டையில் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவே ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) நிற்கிறது. வெளிநாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. நமக்கு அது கிடையாது. ஒரு படிவத்தில் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் விழும்; இன்னொன்றில் முழுப்பெயரும் விழும்; சாய்கோட்டைக் கணினி ஏற்காததால் இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு நடுப்பெயராகிவிடும். விமான டிக்கெட்டில் ஒரு விதம், பல்கலைக்கழகக் கடிதத்தில் ஒரு விதம். என் மாணவி ஒருத்தி இங்கிலாந்தில் வங்கிக் கணக்கு திறக்க வாரக்கணக்கில் அலைந்தாள். கடப்பிதழிலும் பல்கலைக்கழகக் கடிதத்திலும் இருப்பது ஒரே ஆள்தானா என்பது வங்கியின் சந்தேகம். அதுவரை வீட்டுக்காரருக்குப் பணம் கட்டியது அறைத்தோழி.

ஆகவே, கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் எழுத வேண்டும். இடம் ஒதுக்கிய கடிதம் வந்த அன்றே பெயரைச் சரிபார்த்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லிப் பிள்ளையே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்தும் எஸ்பிஎம் சான்றிதழில் வேறு எழுத்தும் உள்ளவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்து அந்தத் தாளைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டால், கோலாலம்பூரில் உள்ள மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனத்தில் முத்திரையோடு செய்து கொடுக்கிறார்கள். சில நாடுகள் விஸ்மா புத்ராவின், அதாவது நம் வெளியுறவு அமைச்சின், சான்றொப்பமும் கேட்கும். இவற்றை அங்கே போனபின் செய்வது பெரும்பாடு.

பணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுங்கள். வெள்ளியின் மதிப்பு திடீரென்று சரியக்கூடும். 1997இன் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 2.50 வெள்ளி கொடுத்த குடும்பங்கள், 1998 ஜனவரியில் 4.80க்கும் மேல் கொடுத்தன. அரசாங்கம் 3.80இல் நிறுத்திவைத்தது அந்த ஆண்டு செப்டம்பரில்தான். அதற்குள் எத்தனையோ பேர் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார்கள். 2024 பிப்ரவரியில் டாலர் மறுபடியும் 4.80ஐ நெருங்கியது. இன்றைய விலையில் கணக்குப் போட்டு மூன்று வருடத்தை முடித்துவிடலாம் என்று இருக்கக்கூடாது. வெள்ளி இறங்கினாலும் தாங்கும்படி கொஞ்சம் கூட்டித்தான் போட வேண்டும். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குரியது. ஊழியர் சேமநிதியில் செஜாஹ்தெரா கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம். ஆனால் அது அப்பா அம்மாவின் முதுமைக்கு வைத்த காசு என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்து விசாவுக்குக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். மலேசியர்களிடம் பொதுவாக அந்தக் கணக்கை உடனே காட்டச் சொல்வதில்லை. அதனால் "அது தேவையில்லை" என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவை. கேட்டால் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் விசா மறுக்கப்படும். அங்குள்ள மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், விசாக் காலம் முழுவதற்கும் விண்ணப்பிக்கும்போதே கட்டிவிட வேண்டும். வீட்டில் இதற்கு ஒதுக்கிவைக்காமல் கடைசி நேரத்தில் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். "பார்ட்-டைம் வேலை செய்து கட்டிக்கொள்வேன்" என்று பிள்ளை சொன்னால், படிப்புக் காலத்தில் இங்கிலாந்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைக் காட்டுங்கள். அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கு உதவும். கல்விக் கட்டணத்துக்கு அதை நம்பக்கூடாது.

அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். முதல் ஆண்டு பல்கலைக்கழக விடுதியே போதும், விலை சற்றுக் கூடினாலும். இங்குள்ள வங்கிக் கணக்கையும் மலேசியக் கைப்பேசி எண்ணையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். எண் போனால் வங்கிச் செயலியை மறுபடி பதிவு செய்வதே பெரிய வேலையாகிவிடும்.

உடம்பைப் பொறுத்தவரை, இங்கிலாந்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் அந்நாட்டு அரசாங்கம் குறிப்பிட்ட மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தெரிந்த கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. அதைவிட எல்லாரும் மறக்கிற காரியம் பல். ஆஸ்திரேலியாவில் மாணவர்கள் கட்டாயமாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகப் பல் வைத்தியம் சேராது. இங்கிலாந்தில் அரசாங்கப் பல் மருத்துவரிடம் இடம் கிடைப்பதே கஷ்டம். இங்கே அரசு பல் மருத்துவமனையில் சில வெள்ளிக்கு அடைக்கும் சொத்தையை அங்கே அடைக்கப் பிள்ளை ஒரு மாதச் சாப்பாட்டுக் காசை எடுக்க நேரும். கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி எடுத்துக்கொள்ளட்டும். ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை என்று தொடர்ந்து மருந்து எடுப்பவர்களுக்கு மருந்தின் பெயரோடு டாக்டரின் ஆங்கிலக் கடிதம் வேண்டும். போய் இறங்கிய முதல் வாரத்தில் அருகிலுள்ள மருத்துவரிடம் பதிந்துகொள்வதும் பிள்ளையின் வேலைதான். காய்ச்சல் வந்த பிறகு அதைச் செய்ய உடம்பில் தெம்பு இருக்காது.

பெட்டிக்கு வருகிறேன். மெல்பர்னிலும் சிட்னியிலும் லண்டனிலும் நம் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. கிலோக் கணக்கில் மசாலா கட்டத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவுப்பொருள் எதுவானாலும் பயண அட்டையில் எழுதிக் காட்டிவிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையும் விதைகளும் வேண்டவே வேண்டாம். எழுதாமல் மறைத்தால் அபராதம் உண்டு. இங்கிலாந்துக்கு இங்கிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. நம் மூன்று கால் பிளக் இங்கிலாந்தில் அப்படியே பொருந்தும், ஆகவே சின்ன ரைஸ் குக்கர் போகலாம். அமெரிக்காவில் மின்னழுத்தம் பாதிதான், இங்கே வாங்கிய குக்கர் அங்கே வேலை செய்யாது. குளிருக்கான கனத்த கோட்டை அங்கே போய் வாங்குவதே நல்லது. பொருளைவிட, சோறு, பருப்பு, ரசம், ஒரு முட்டைக் குழம்பு இவற்றைத் தானே சமைக்கும் பழக்கம் பெரிய துணை. பையன்களுக்கும்தான். ஜூலையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அடுப்படியை அவர்களிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று திருத்தாமல்.

இந்தியாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு தனி வார்த்தை. மைசூர், மணிப்பால், சென்னை என்றால் கோயிலும் சாப்பாடும் பழகியவை என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம். சட்டப்படி அங்கே நாம் வெளிநாட்டவர். 180 நாளுக்கு மேல் தங்கும் மாணவர் விசாவில் போனால், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

எந்த நாட்டுக்குப் போனாலும் விஸ்மா புத்ராவின் இ-கொன்சுலார் தளத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். 2011இல் எகிப்தில் கலவரம் வெடித்தபோது அங்கே படித்த ஆயிரக்கணக்கான மலேசிய மாணவர்களை அரசாங்கம் ஜித்தா வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் டாக்காவிலிருந்தும் தனி விமானத்தில் மலேசியர்களை அழைத்துவந்தார்கள். யார் எங்கே இருக்கிறார் என்று தூதரகத்துக்குத் தெரிந்தால்தான் அப்படித் தேடி வர முடியும்.

அரசாங்க உபகாரச் சம்பளத்தில் போகும் மாணவர்களுக்குப் புறப்படும் முன் விளக்கக் கூட்டம் இருக்கும். அங்கே போனபிறகும் கேட்க அதிகாரிகள் இருப்பார்கள். சொந்தக் காசில் போகும் நம் பிள்ளைகளில் பலர் குடும்பத்திலேயே முதல் ஆளாக விமானம் ஏறுகிறார்கள். தோட்டத்திலிருந்து வந்த தாத்தாவுக்கும் லாரி ஓட்டும் அப்பாவுக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வழியில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நம் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறீர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கொடுங்கள். கோயில் மண்டபத்தை நிர்வாகத்தார் திறந்துவிடட்டும். அந்தப் பிள்ளைகள் தங்கள் கோப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டு வரட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகக் கேளுங்கள்.