குறுக்கு வழி யாருக்கு?

எமது வளாகத்தில் அண்மையில் நிகழ்ந்த கலந்துரையாடலொன்றிலே, பயிற்சிக் கல்லூரியில் டிப்ளோமா பெற்று வைத்தியசாலைகளிற் பணிபுரியும் தாதியர் குறுகிய காலத்திற் பட்டம் பெறுவதற்கு வழி செய்யப்படல் வேண்டும் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. “நாங்கள் நாலு வருடம் இருந்து படிக்க, அவைக்கு மட்டும் குறுக்கு வழியோ?” என்றார் ஒருவர். பலர் தலையசைத்தனர். மேடையிலிருந்த பெரியோரும் மறுத்துரைத்திலர். அவர்கள் சொல்லாது விட்ட மறுமொழியையே இங்கு சொல்ல முற்படுகின்றேன்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியிற் பயிற்சிக்காலம் மூன்று ஆண்டு. அங்கு சேர்பவரும் எம்மைப் போன்று க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியவரே. அவரையும் எம்மையும் பிரித்தது பெரும்பாலும் இசெட் புள்ளியின் தசமத் தானங்களாகும். அயல்நாடாகிய இந்தியாவில், மூன்றாண்டு டிப்ளோமா பெற்ற தாதியருக்கென ஈராண்டுப் பட்டக் கற்கைநெறியொன்று நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. அத்தகைய ஒன்று இங்கே ஏற்படுமாயின், மூன்றும் இரண்டும் ஐந்து. நாம் படிப்பதோ நான்கு. எம்மிலும் ஓராண்டு கூடுதலாகப் படிப்பவரைக் குறுக்கு வழியில் வந்தவர் என்று அழைப்பதற்கு எந்தக் கணிதம் இடந்தருகின்றது? மூன்றாண்டுப் பயிற்சியைச் சுழியமாகக் கொண்டால் மட்டுமே அக்குற்றச்சாட்டு நிலைக்கும். அப்படிக் கொள்வோர் அதனை வெளிப்படையாகச் சொல்லட்டும்; சொல்லிவிட்டு, அந்தச் சுழியத்தின் கைகளிலே தம் பெற்றோரை நோயுற்ற வேளையில் ஒப்படைப்பது எவ்வாறு என்பதையும் விளக்கட்டும்.

விரைவுப் பட்டம் என்ற எண்ணம் தாதியர் கல்வியிற் செழித்திருப்பது ஐக்கிய அமெரிக்காவிலேயாம். வேறேதேனும் துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்ற ஒருவர் அங்கு 11 முதல் 18 மாதங்களுள் தாதியியல் இளமாணியாகிவிடலாம். வரலாறு கற்றவருக்கும் வணிகம் கற்றவருக்கும், முற்படு விஞ்ஞானப் பாடங்கள் சிலவற்றை முடித்துக்கொண்டால், அவ்வாயில் திறந்திருக்கின்றது. முன்னொரு பட்டம் இல்லாதவருக்கு அது மூடிக் கிடக்கின்றது. ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சியோடு முதியோர் இல்லமொன்றிற் சேர்ந்து, பத்தாண்டு காலம் நோயாளரைத் தூக்கியும் துடைத்தும் மருந்தூட்டியும் வந்த ஒரு பெண் அவ்வாயிலில் நின்றால், அவள் கைகள் அறிந்தவற்றை எவரும் வினவார். பட்டச் சான்றிதழ் எங்கே என்றே வினவுவர். அவள் பெரும்பாலும் நாடக்கூடியது சமுதாயக் கல்லூரி வழியையே. ஈராண்டளவில் ஓர் இணைப்பட்டம், அதன் பின் பதிவுப் பரீட்சை, அதன் பின் வேலை பார்த்துக்கொண்டே ஓரிரு ஆண்டுகளில் இளமாணிப் பட்டம். முன்பயிற்சிக்கு ஓரளவு மதிப்பளிக்கும் கல்லூரிகளும் உள. எனினும் இரு வழிகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, நோயாளியையே காணாத பட்டதாரிக்கு மிகக் குறுகிய பாதையும், நோயாளியோடு வாழ்ந்தவளுக்கு நீண்ட பாதையும் விதிக்கப்பட்டிருப்பதை நாம் காண்கின்றோம். குறுக்கு வழி உலகில் இல்லாமலில்லை. அது யாருக்கென்று வகுக்கப்பட்டுள்ளது என்பதே வினா.

அந்த ஈராண்டு இணைப்பட்ட முறையின் வரலாறும் சுவையானது. உலகப் போருக்குப் பிந்திய தாதியர் தட்டுப்பாட்டைத் தீர்க்கும் பொருட்டு, 1951 இல் வெளிவந்த தமது ஆய்விலே அதனை வகுத்தவர் மில்ட்ரெட் மொன்ராக் அம்மையார். அவர் அதனைத் தன்னளவில் நிறைவுற்ற ஒரு பயிற்சியாகவே கருதினார். மேற்படிப்புக்கான படிக்கட்டாக அன்று. ஆனால் 1965 இல் அமெரிக்கத் தாதியர் சங்கம் பட்டமே தொழிலுக்குரிய அடிப்படைத் தகைமை என அறிவித்தது. 2010 இல் அந்நாட்டு மருத்துவ நிறுவகம், 2020 ஆம் ஆண்டளவில் தாதியருள் 80 வீதமானோர் பட்டதாரிகளாக இருத்தல் வேண்டும் என்றது. 2017 இல் நியூயோர்க் மாநிலம், புதிதாகப் பதிவு பெறுவோர் பத்தாண்டுகளுள் பட்டம் பெற வேண்டுமெனச் சட்டமே இயற்றியது. இலக்குக் கம்பத்தை ஒவ்வொரு முறையும் அப்பால் நகர்த்தியவர்கள் நிருவாகிகளும் கல்விமான்களும். ஓடவேண்டியவள் விடுதியில் நின்றவள்.

இங்கே எதிர்த்தரப்பாரின் வலுமிக்க வாதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்து வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட முடிவின்படி, பட்டதாரித் தாதியரின் விகிதம் 10 வீதத்தால் உயருமிடத்து, அறுவைச் சிகிச்சைக்குள்ளானோர் 30 நாட்களுள் இறக்கும் வாய்ப்பு 5 வீதத்தாற் குறைகின்றது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நிகழ்த்தப்பெற்று 2014 இல் வெளிவந்த ஆய்வு அவ்வீழ்ச்சியை 7 வீதம் எனக் கண்டது. முதல் ஆய்விலே, தாதியரின் அனுபவ ஆண்டுகள் தனித்ததொரு பயன் விளைத்ததாகத் தெரியவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அனுபவமே போதும், பட்டம் எதற்கு என்று பேசும் என் போன்றோரின் வாயை அது அடைக்கின்றது. நன்று, அடைக்கட்டும். ஆயின் அதிலிருந்து பெறப்படுவது யாது? பட்டக் கல்வி உயிர் காக்கின்றதெனின், பணியிலுள்ள தாதியருக்கு அதனை விரைந்து வழங்குதலன்றோ முறை? அவ்வாய்வு, பட்டம் தொடக்கத்திலே பெறப்பட்டதா, பணியிலிருந்தவாறு பின்னர் பெறப்பட்டதா எனப் பிரித்து நோக்கவுமில்லை. கதவைச் சாத்துவதற்கு அதனை மேற்கோள் காட்டுவோர் அதனைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கின்றனர்.

நேர்வழி நீண்டு கிடக்குமிடத்தே கள்ள வழி பிறக்கும். 2023 சனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அதிகாரிகள், புளோரிடாவிலுள்ள மூன்று தாதியர் கல்லூரிகளின் பெயரில் 7,600 க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டமையை வெளிப்படுத்தி, 25 பேர் மீது குற்றஞ் சாட்டினர். காசு கொடுத்து வாங்கியோரை நான் நியாயப்படுத்தவில்லை. படியாத கையில் மருந்தூசியைக் கொடுப்பது கொலைக்கு ஒப்பானது. இத்தனை ஆயிரம் பேரை அக்கடைக்கு அனுப்பிய அவசரம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்க வேண்டும் என்கின்றேன்.

அவ்வளவு தொலைவுக்குப் போகவும் வேண்டியதில்லை. என் சின்னம்மா பத்தொன்பது ஆண்டு சேவையுள்ள தாதி. பன்னிரண்டு மாதத்தில் வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரம் செய்த தனியார் நிறுவனமொன்றிற்கு, தம் காப்புச் சோடியை அடைவு வைத்துப் பணங் கட்டினார். இரவுக் கடமையில் இரண்டு மணிக்கு மேல், விடுதி அடங்கிய பின்னர், பாடக்குறிப்புகளை விரித்து வைத்துப் படித்தார். ஈற்றிற் கிடைத்த தாளைப் பதவி உயர்வுக்கு ஏற்றுக்கொள்ள இயலாது என்று கூறிவிட்டனர். காப்பு இன்னும் மீளவில்லை. அவர் சோம்பேறியோ, குறுக்கு வழி தேடியவரோ அல்லர். நேரிய குறுவழியொன்றைத் தேடினார். பொய்யான ஒன்றே அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

எமது நாட்டிலே தாதியியற் பட்டம் முதலில் யாருக்காகத் தொடங்கியது என்பதை நாலாண்டுப் பெருமை பேசுவோர் மறந்து விடுகின்றனர். 1994 இல், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமே அதனைத் தொடக்கியது. பணியிலிருந்த பதிவு பெற்ற தாதியருக்காகவே தொடக்கியது. பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களின் நான்காண்டுக் கற்கைநெறிகள் அதன் பின் வந்தவை. மூத்தவள் கட்டிய வீட்டில் இளையவள் குடியேறி, மூத்தவளை வாசலில் நிறுத்திப் பெயர் விசாரிக்கும் கதை இது. திறந்த பல்கலைக்கழகத்தின் தொண்டை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால் முறைமாறும் கடமைக்கும் வீட்டுச் சுமைக்கும் இடையிலே தொலைக்கல்வி மூலம் படிப்பது ஒன்று. சம்பளத்துடன் கூடிய விடுமுறையில், ஆய்வுகூடமும் நூலகமும் உள்ள வளாகத்தில் ஈராண்டு இருந்து படிப்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்பது ஆசையன்று, உரிமை.

பட்டம் கிடைத்தால் வெளிநாடு போய்விடுவர் என்று இன்னொரு சாரார் முணுமுணுக்கின்றனர். வைத்தியரும் பொறியியலாளரும் போகின்றனர். அதற்காக அப்பீடங்களை எவரும் மூடச் சொல்லவில்லை. இந்தக் கவலை தாதியர் விடயத்தில் மாத்திரம் பெருக்கெடுப்பது ஏன்? அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், அவர்கள் படிப்பை விட அவர்கள் உழைப்பே எமக்குத் தேவைப்படுகின்றது என்பதும் காரணமல்லவாயின், வேறு காரணத்தை யாரேனும் எடுத்துரைக்கட்டும்.

எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கலாகாது என்பதில் எனக்கு மயக்கமில்லை. படுக்கை விரிப்பதையும் குருதியமுக்கம் அளப்பதையும் பதினைந்தாண்டு செய்தவருக்கு மீண்டுங் கற்பிப்பது காலவிரயம், அதனை வெட்டுக. உடற்றொழிலியல், மருந்தியல், ஆய்வுமுறை, சமூகச் சுகாதாரம் ஆகியவற்றில் ஒரு மணித்தியாலத்தையேனும் குறைத்தலாகாது. ஆங்கில மொழியிலே நடைபெறும் கல்விக்கு வருமுன், மொழிப் பயிற்சிக்கெனத் தனியாக ஆறு மாதம் கொடுத்தாலும் தகும். பரீட்சை எம்முடைய அதே வினாத்தாளாக இருக்கட்டும். சலுகை மதிப்பெண் எவரும் கேட்கவில்லை.

பின்வரிசையிற் சிரித்தவர் தாதியியல் மாணவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர் போதனா வைத்தியசாலையிற் செயன்முறைப் பயிற்சி பெற்ற நாட்களில், நடுங்கிய அவர் கையைப் பிடித்து நாளத்தில் ஊசி ஏற்றக் காட்டிக் கொடுத்தவர் அவ்விடுதியின் டிப்ளோமாத் தாதி ஒருவர். அதனை அவரே எனக்குச் சொன்னார்.