தெரிந்துகொள்வோம்: சோலர் பனலும் வெயிலும்



முகாமில் எங்கள் தலைக்கு மேல் கட்டியிருந்த தறப்பாளை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். நாளாக நாளாக வெயிலில் வெளிறி, தொட்டாலே நார் நாராக உதிர்ந்தது. சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்களே அதற்குக் காரணம். இவற்றைப் புற ஊதாக் கதிர்கள் என்றும் சொல்வார்கள்.

கூரையில் பூட்டும் சோலர் பனலையும் இதே கதிர்கள் தாக்குகின்றன. பனலின் முன்பக்கம் கண்ணாடி. ஆனால், உள்ளே மின்சாரம் தரும் கலங்களை ஒட்டி வைத்திருப்பது ஒருவகைப் பிளாஸ்ரிக். பின்பக்கத்தை மூடியிருப்பதும் பெரும்பாலும் பிளாஸ்ரிக் தாள்தான்.

1980களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கரிசா சமவெளியில் பெரிய சோலர் மின்நிலையம் ஒன்றை அமைத்தார்கள். கூடுதல் மின்சாரம் பெறுவதற்காக, பக்கத்தில் முகக்கண்ணாடி போன்ற தகடுகளை வைத்துப் பனல்மீது மேலும் வெயிலைத் திருப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே உள்ளிருந்த பிளாஸ்ரிக் பழுப்பு நிறமாகி, மின்சாரம் குறைந்தது. 1990களில் அந்த நிலையத்தையே கழற்றிவிட்டார்கள்.

இதனால்தான் பனல்களைச் சோதிக்கிறார்கள். ஐ.ஈ.சி. 61215 என்ற சர்வதேசத் தரத்தின்படி, பனலை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து, சதுர மீற்றருக்கு 15 கிலோவாற் மணி அளவான கழியூதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். எங்கள் ஊர் வெயிலில் இது சுமார் இரண்டு மாதக் கணக்குத்தான். ஆகவே இந்த இலக்கம் இருந்தால் அடிப்படைச் சோதனையில் தேறியது என்று பொருள். 25 வருடம் உழைக்கும் என்ற உறுதி அல்ல.

கடனெடுத்து வாங்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

* பனலின் பின்னாலுள்ள சிட்டையில் 61215, 61730 ஆகிய இலக்கங்கள் உண்டா என்று பாருங்கள். 61730 பாதுகாப்புக்கான தரம்.
* உத்தரவாதத்தை வாய்ச்சொல்லாக ஏற்க வேண்டாம். பற்றுச்சீட்டுடன் எழுத்தில் வாங்குங்கள்.
* பழைய பனலானால் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே மஞ்சள் அல்லது பழுப்பு நிறம், குமிழ், பின்தாளில் வெடிப்பு இருந்தால் வாங்காதீர்கள்.
* வீட்டிலுள்ள பனலின் பின்தாள் வெடித்திருந்தால் கை வைக்காதீர்கள். வெளிச்சம் படும்வரை பனலில் மின்சாரம் இருக்கும். ஈரம் சேர்ந்தால் தாக்கக்கூடும். தொழில் தெரிந்தவரை அழையுங்கள்.

கடன் கட்டி முடியுமுன் பனல் பழுதாகிவிடக் கூடாது. கேட்டுப் பார்த்து வாங்குவது எங்கள் உரிமை.