இனாம் டிக்கெட்டும் அபராதச் சீட்டும்



"ஆகாய விமானத்தில் போகிறவன் சமாசாரம் நமக்கு எதற்கு? பஸ்ஸுக்கே சில்லறை தேடுகிறவர்கள் நாம்" என்று ஆலைவாசலில் நிற்கும் தோழர் கேட்கலாம். களத்துமேட்டில் நிற்கும் தோழரும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பதில் இது: விமானக் கம்பெனிகள் "இனாம் டிக்கெட்" என்று ஒன்று கொடுக்கின்றன. அந்த இனாமுக்கு, விமானத்தில் கால் வைக்காதவனும் பணம் கட்டுகிறான். அது மட்டுமல்ல. இனாமைக் கையில் வாங்கியவன் தேதியை மாற்றப் போனால் அவனிடமும் பிடுங்குகிறார்கள். இரண்டு பக்கமும் வெட்டுகிற இந்தக் கத்தியைத்தான் நாம் இங்கே அம்பலப்படுத்த விரும்புகிறோம்.

புள்ளி பிறந்த கதை

இது அமெரிக்காவில் முளைத்த விவகாரம். 1978ல் அந்நாட்டு சர்க்கார் விமானக் கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பைக் கைகழுவியது. கம்பெனிகள் இஷ்டம்போல் கட்டணம் வைக்கத் தொடங்கின. பிரயாணி ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு ஓடிவிடாமல் இருக்க ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981 மே 1ந் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி அந்தக் கயிற்றைத் திரித்தது. "எங்கள் விமானத்தில் பறந்தால் உன் பேரில் புள்ளி எழுதுவோம். புள்ளி சேர்ந்தால் ஒரு டிக்கெட் இனாம்" என்றது. சில நாட்களுக்குள் யுனைடெட் கம்பெனியும் பின்தொடர்ந்தது. இன்று உலகத்தில் பெரும்பாலான பெரிய விமானக் கம்பெனிகளிடம் இப்படி ஒரு புள்ளிக் கணக்கு உண்டு.

இது புதுச் சரக்கா? இல்லை. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் ஒரு காலத்தில் தொழிலாளிக்குக் காசு கொடுக்காமல் கம்பெனி டோக்கன் கொடுத்தார்கள். அந்த டோக்கன் கம்பெனிக் கடையில்தான் செல்லும். கடையில் விலையை ஏற்றினால் டோக்கனின் மதிப்பு குறையும். டோக்கனை அடிப்பவனும் முதலாளி, விலை வைப்பவனும் முதலாளி! விமானக் கம்பெனியின் புள்ளியும் அதே ஜாதிதான்.

தேதி மாறினால்?

ஓர் ஆஸ்பத்திரி நர்ஸை எடுத்துக்கொள்வோம். பல வருஷம் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து, ஊரில் இருக்கும் தாயைப் பார்க்க டிக்கெட் எடுக்கிறாள். லீவு ரத்தாகிறது. அல்லது தாயின் ஆபரேஷன் தேதி தள்ளிப்போகிறது. பிரயாணத்தை மாற்ற வேண்டும். கம்பெனி என்ன சொன்னது? டிக்கெட்டை ரத்து செய்து புள்ளிகளைத் திரும்பக் கணக்கில் வரவு வைக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 150 டாலர் வாங்கியது. அந்நாட்டு மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7 டாலர் 25 சென்ட். கணக்குப் போடுங்கள்! தன்னுடைய புள்ளியைத் தானே திரும்பப் பெற, அந்தக் கூலிக்காரன் 20 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

"மாற்றுவதற்குச் செலவு ஆகிறது, அதனால் வாங்குகிறோம்" என்று கம்பெனிகள் சாதித்தன. 2019ல் டிக்கெட்டை மாற்றியதற்கும் ரத்து செய்ததற்கும் என்று அமெரிக்க விமானக் கம்பெனிகள் வசூலித்த தொகை சுமார் 280 கோடி டாலர். பிறகு 2020ல் கொரோனா வந்தது. விமானங்கள் காலியாகக் கிடந்தன. ஆகஸ்டு 30ந் தேதி யுனைடெட் கம்பெனி, உள்நாட்டுப் பிரயாணத்தில் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு மாற்றுக் கட்டணம் இனி இல்லை என்று அறிவித்தது. மறுநாளே மற்றப் பெரிய கம்பெனிகளும் அறிவித்தன. புள்ளியைத் திரும்ப வரவு வைக்கும் 150 டாலர் அபராதத்தையும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்த வருஷமே கைவிட்டது.

நாம் கேட்கிறோம்: நேற்றுவரை ஆன செலவு இன்று எங்கே போயிற்று? ஒரே இரவில் மாயமாக மறையும் செலவு செலவே அல்ல. அது பிரயாணியின் அவசரத்தைப் பார்த்து வைத்த அபராதம். ஆள் இல்லாதபோது அபராதத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு வெளியே பல கம்பெனிகள் இன்றும் புள்ளி டிக்கெட்டை மாற்றக் கட்டணம் வாங்கத்தான் செய்கின்றன.

விலைப் பலகையைக் கழற்றிய வித்தை

அபராதம் போனதே, சந்தோஷப்படலாம் அல்லவா என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். முன்பு இந்த ஊருக்கு இத்தனை புள்ளி என்று விலைப் பலகை ஒன்று இருந்தது. டெல்டா கம்பெனி 2015ல் அதைக் கழற்றியது. யுனைடெட் 2019ல் கழற்றியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023ல் கழற்றியது. இப்போது விலை நாளுக்கு நாள் மாறும். கூட்டத்தைப் பார்த்து ஏறும்.

இதன் பொருள் என்ன? நமது நர்ஸ் தேதியை மாற்றப் போகிறாள். "அபராதம் கிடையாது அம்மா!" என்கிறான். "ஆனால் புதுத் தேதியில் இதே ஸீட்டுக்கு இன்றைய விலை இரண்டு பங்கு. மிச்சப் புள்ளியைக் கட்டு" என்கிறான். முன்பு அபராதம் என்று பேர் சொல்லி வாங்கினான். இன்று பேர் சொல்லாமல் வாங்குகிறான். முன்பு தொகை எழுதியிருந்தது. இன்று தொகையும் எழுதியில்லை. வாசலில் வாங்கிய சுங்கத்தை விட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் வாங்குவதற்குப் பேர் தர்மமா?

ஆலைத் தொழிலாளி அபராதத்தின் சங்கதியை அறிந்தவன். 1936ல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம் என்ன விதித்தது? எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவிப்புப் போட வேண்டும். தொழிலாளியின் சமாதானத்தைக் கேட்காமல் அபராதம் போடக்கூடாது. வசூலான அபராதப் பணத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துச் சட்டமே முதலாளிக்கு இவ்வளவு கடிவாளம் போட்டது. விமானக் கம்பெனியின் புள்ளிக்குக் கடிவாளம் போட்டது யார்?

கோர்ட்டுக்குப் போனவர்கள் கதி

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988ல் விதிகளை மாற்றியது. முன்பே சேர்த்த புள்ளிகளுக்கும் புது விதி என்றது. இன்ன நாட்களில் இனாம் டிக்கெட் இல்லை, இத்தனை ஸீட்டுக்கு மேல் இல்லை என்றது. பிரயாணிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1995ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: கம்பெனியே கொடுத்த வாக்கை மீறியதாக வழக்காடலாம், மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வழக்காட முடியாது. சரி, வாக்கை எழுதுபவன் யார்? கம்பெனி. "எந்த நேரத்திலும் விதியை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று அதே காகிதத்தில் எழுதிக்கொள்பவனும் கம்பெனிதான்!

2008ல் நார்த்வெஸ்ட் கம்பெனி ஒரு பிரயாணியைப் புள்ளித் திட்டத்திலிருந்தே நீக்கியது. தன் முடிவே இறுதி என்றது. அவர் அடிக்கடி புகார் கொடுத்தார் என்பது கம்பெனி காட்டிய காரணங்களில் ஒன்று. நேர்மையாக நடக்க வேண்டிய கடமையைக் கம்பெனி மீறிவிட்டது என்று அவர் வழக்காடினார். 2014ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. நீக்கியது எந்தச் சட்டம் என்று காட்டினார்கள் தெரியுமா? கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்த அதே 1978ம் வருஷச் சட்டம்! கம்பெனிக்குச் சுதந்திரம் கொடுத்த சட்டம் பிரயாணியின் வாயை அடைத்தது.

இனாமுக்குப் பணம் கட்டுகிறவன்

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். புள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? விமானக் கம்பெனி புள்ளிகளைக் கட்டுக்கட்டாக வங்கிகளுக்கு விற்கிறது. வங்கி தன் கடன் அட்டை வைத்திருப்பவனுக்குப் புள்ளி கொடுக்கிறது. அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் வங்கி கடைக்காரனிடம் கழிவு பிடிக்கிறது. கடைக்காரன் அதைச் சரக்கின் விலையில் ஏற்றுகிறான். அட்டை வைத்திருப்பவனுக்கும் அதே விலை. ரொக்கமாகக் கொடுக்கிற கூலிக்காரனுக்கும் அதே விலை. ஆனால் புள்ளி யாருக்கு? அட்டைக்காரனுக்கு மட்டும்!

பாஸ்டன் நகரத்து ரிசர்வ் வங்கியின் பொருளாதார நிபுணர்கள் 2010ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்காவில் ரொக்கம் கொடுத்து வாங்கும் குடும்பம் சராசரியாக வருஷத்துக்கு 149 டாலர் இழக்கிறது. அட்டை கொடுத்து வாங்கும் குடும்பத்துக்கு 1,133 டாலர் கிடைக்கிறது. ஏழையின் ரொட்டியிலிருந்து கிள்ளியெடுத்துத்தான் கனவானுக்கு இனாம் டிக்கெட். இதை இனாம் என்பதா, பகற்கொள்ளை என்பதா?

2020ல் யுனைடெட் கம்பெனி தன் புள்ளித் திட்டத்தின் மதிப்பு 2,190 கோடி டாலர் என்று காட்டி, அதை அடகு வைத்து 680 கோடி டாலர் கடன் எடுத்தது. டெல்டா 900 கோடி எடுத்தது. மறு வருஷம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1,000 கோடி எடுத்தது. இவை போதாதென்று சர்க்கார் கஜானாவிலிருந்து சம்பளத்துக்கென்று 2,500 கோடி டாலர் விமானக் கம்பெனிகளுக்குப் போயிற்று. அந்த உதவியின் கெடு முடிந்ததும், 2020 அக்டோபரில் அமெரிக்கன், யுனைடெட் இரண்டும் சேர்ந்து சுமார் 32,000 தொழிலாளர்களை வேலையிலிருந்து நிறுத்தின. சர்க்கார் மறுபடியும் பணம் கொடுத்த பிறகே திரும்பக் கூப்பிட்டார்கள். பிரயாணி கேட்டால் "புள்ளிக்குப் பண மதிப்பே கிடையாது" என்று விதியில் எழுதுகிறவர்கள், கடன்காரனிடம் போனால் அதையே தங்கக் கட்டி என்கிறார்கள்!

அமெரிக்காவின் கதைதானே என்று இருந்துவிட முடியாது. நம் நாட்டு ஜெட் ஏர்வேஸைப் பாருங்கள். அதன் புள்ளிக் கணக்கை நடத்தத் தனிக் கம்பெனி அமைத்து, 2014ல் பெரும்பங்கை அபுதாபியின் எத்திஹாட் கம்பெனிக்கு விற்றார்கள். 2019 ஏப்ரல் 17ந் தேதி ஜெட் விமானங்கள் நின்றன. சம்பளப் பாக்கியோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். புள்ளிக் கம்பெனியோ பேரை மாற்றிக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தது. பிராவிடண்ட் பண்டுக்கும் கிராஜுவிட்டிக்கும் தொழிலாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போராட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் அந்தக் கோர்ட்டே கம்பெனியைக் கலைத்து விற்க உத்தரவிட்டது. விமானம் செத்தது, புள்ளி பிழைத்தது, தொழிலாளியின் சம்பளம் காத்துக்கிடந்தது.

வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு

"இனாம் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பார்கள் சிலர். இனாம் அல்ல, விலைக்கு விற்ற சரக்கு என்று மேலே காட்டிவிட்டோம். "இஷ்டப்பட்டுத்தானே சேர்ந்தார்கள்?" என்பார்கள். சேர்ந்தபோது இருந்த விதி வேறு. இன்று இருக்கும் விதி வேறு. பாதி ஆட்டத்தில் விதியை மாற்றுகிறவனோடு யார் இஷ்டப்பட்டு ஆடுவார்கள்? "போட்டி இருக்கிறது, பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளட்டும்" என்பார்கள். ஒரு கம்பெனி பலகையைக் கழற்றினால் மற்றதும் கழற்றுகிறது. இதுவா போட்டி?

2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவே நான்கு பெரிய கம்பெனிகளின் புள்ளிக் கணக்குகளை விசாரிக்கத் தொடங்கியது. புகையில்லாமல் விசாரணை வராது.

ஆகவே நாம் சொல்கிறோம். சேர்த்த புள்ளி கம்பெனி பட்ட கடன். அதைக் கடனாகவே சட்டம் மதிக்க வேண்டும். விலைப் பலகை மறுபடியும் வாசலில் தொங்க வேண்டும். டிக்கெட் எடுத்த அன்று என்ன விலையோ, தேதி மாறினாலும் அதே விலை நிற்க வேண்டும். ஏற்கெனவே சேர்த்த புள்ளிக்குப் புது விதி பொருந்தக்கூடாது. ரொக்கம் கொடுக்கும் ஏழையின் தலையில் அட்டைக்காரனின் செலவை ஏற்றக்கூடாது. புள்ளியை அடகு வைத்துப் பணம் எடுத்தால், அதிலிருந்து முதலில் தொழிலாளியின் சம்பளம் பட்டுவாடாவாக வேண்டும்.

இனாம் என்று எவனாவது நீட்டினால், அதற்குப் பணம் கட்டியவன் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பட்டியலில் நம் போன்றவர்களின் பேர்தான் முதலில் இருக்கும்.