மூன்று ஊசியும் ஒரு தட்டும்



போன புதன்கிழமை எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். ஒன்றரை மாதப் பெண் குழந்தை, பாட்டி மடியில். "காலை இறுக்கிப் பிடிச்சுக்கோங்கம்மா" என்றார் செவிலியர். இடது தொடையில் ஒன்று, வலது தொடையில் ஒன்று, கையில் போலியோவுக்கு ஒன்று. குழந்தை வீறிட்டதும் பாட்டிக்கும் கண் கலங்கிவிட்டது. "ஒரே நாள்ல மூணு குத்தணுமா?" என்று கேட்டார்.

இடது தொடையில் போட்டது ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அது முதலில் அரசுத் திட்டத்தில் வந்தது. வலது தொடையில் போட்டது நியூமோகாக்கஸுக்கு. நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று பிள்ளைகளைப் படுத்துகிற கிருமி அது. அதில் நூறு வகை இருக்கிறது. ஊசிக்குள் அடங்குவதோ சில வகைகள்தான். எந்த வகை நம் பிள்ளைகளைத் தாக்குகிறது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டாமா?

பார்த்தார்கள். 1993 முதல் 1997 வரை, வேலூர் சிஎம்சி உட்பட ஆறு மருத்துவமனைகளில், கடும் நோயோடு வந்தவர்களின் ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் சோதித்தார்கள். ஆய்வகத்தில், ஆட்டு ரத்தம் கலந்த சிவப்பு வளர்ப்புத் தட்டில் இந்தக் கிருமி வளர்ந்தால், அதைச் சுற்றி லேசாகப் பச்சை படரும். அப்படி வளர்ந்ததை வகை பிரித்தபோது, 1, 5 ஆகிய இரண்டு வகைகளும் கணிசமாகத் தென்பட்டன. 2000-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வந்த ஏழு வகைத் தடுப்பூசியில் இந்த இரண்டுமே கிடையாது. இன்று நம் அரசுத் திட்டத்தில் போடுகிற ஊசியில் இரண்டும் உண்டு.

ஊசி வந்த பிறகு வேறு வகைகள் தலைதூக்கலாம். அதனால் எந்த வகை தாக்குகிறது என்ற கணக்கெடுப்பை நிறுத்தவே கூடாது. அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு, மருத்துவமனைக்குப் போகும் முன்பே மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் கொடுத்துவிடாதீர்கள். மருந்து பட்டுவிட்டால் தட்டில் கிருமி வளராமலே போகலாம். முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், கால் விழுந்துவிடும் என்று பயந்து மறுக்காதீர்கள். நரம்புத்தண்டு முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்குகிறது.

இதையெல்லாம் பாட்டியிடம் சொல்ல வாய்க்கவில்லை. அட்டையில் அடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொண்டு, வெயில் படாமல் சேலைத் தலைப்பால் பேத்தியை மூடி, பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்