பால்மரத்துக்கு ஓய்வு உண்டு, பிள்ளையின் மூளைக்கு?



பால்மரம் வெட்டிய கைகளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். இன்று வெட்டிய மரத்தை நாளையும் வெட்டலாகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதே தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். பேராசைப்பட்டு அடிக்கடி வெட்டினால் பட்டை காய்ந்துவிடும். பிறகு எவ்வளவு சீவினாலும் மங்கில் பால் விழாது. வடிந்த பாலை மரம் மீண்டும் ஊறவைத்துக்கொள்ள நேரம் வேண்டும். இன்று பல தோட்டங்களில் செம்பனை வந்துவிட்டாலும், இந்தக் கணக்கை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மரத்துக்குக் காட்டிய இந்தப் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டுகிறோமா? எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிவிட்டால் இரவு 12 மணி வரை புத்தகம். விடியற்காலை 4 மணிக்கு, அம்மா வேலைக்கு எழும்போதே பிள்ளையையும் தட்டி எழுப்பி மறுபடியும் புத்தகம். பிள்ளை படித்தால்தான் நமக்கு விடிவு என்ற தவிப்பில் செய்கிறோம். அந்தத் தவிப்பில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறான். தேர்வுத் தாளைக் கண்டால் விழிக்கிறான். "இவன் மண்டையில் எதுவும் ஏறாது" என்று சொல்லிவிடுகிறோம். அவனும் அதை நம்பிவிடுகிறான். நல்ல பிள்ளைகள் சிலர் பாதியில் படிப்பை நிறுத்தியதற்கு இந்த ஒரு சொல்லும் காரணம்.

ஏறாதது மண்டையின் குற்றமன்று. ஏற்றுகிற முறைதான் தவறு. மூளைக்கும் அளவு உண்டு.

கடைக்குப் போகும் பிள்ளையிடம் அரிசி, சீனி, பருப்பு, வெங்காயம், கருவாடு, சவர்க்காரம், தீப்பெட்டி, ஊதுபத்தி என்று எட்டுச் சாமான்களை வாயால் சொல்லி அனுப்பிப் பாருங்கள். நான்கைந்தோடு திரும்பி வருவான். மனம் ஒரே நேரத்தில் பிடித்துவைக்கக்கூடியது ஏறக்குறைய ஏழு என்று 1956இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை நான்கு என்றே குறைத்தார்கள். இதற்கு வழி என்ன? சமையலுக்கு ஐந்து, மற்றவை மூன்று என்று வகை பிரித்துச் சொன்னால் பிள்ளை எட்டையும் கொண்டுவருவான். பாடத்தையும் அப்படியே பிரித்துப் படிக்கவேண்டும். ஒரே இரவில் வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் விழுங்க முடியாது.

அடுத்தது மறதி. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்பவர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்குமேல் போய்விட்டது. 1885இல் அவர் எழுதிய நூலில் இன்னொன்றும் கண்டார். ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, சில நாட்களாகப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பிலேயே மனத்தில் நிற்கிறது.

பள்ளிப் பிள்ளைக்கு மட்டுமா இது? பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்து, ஆலன் பேட்லி என்ற அறிஞரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினர் நாளுக்கு 1 மணி நேரம் பழகினர். இன்னொரு பிரிவினர் 4 மணி நேரம். முதல் பிரிவினர் ஏறக்குறைய 55 மணி நேரத்தில் எட்டிய திறமையை, இரண்டாம் பிரிவினர் எட்ட 80 மணி நேரம் பிடித்தது. 1978இல் வெளியான செய்தி இது. கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பவனுக்கு நாட்கள் அதிகம் ஆகும்; உழைப்பு குறையும். ஆகவே தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது விழித்துக்கொள்வதில் பயனில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

இனித் தூக்கம். பகலில் படித்ததை மூளை உறக்கத்தில்தான் உறுதிப்படுத்திக்கொள்கிறது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்கவேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் அறிவுறுத்தியது. காலை 5.30க்கு எழுந்து பஸ் பிடிக்கும் பிள்ளை இரவு 9.30க்காவது படுத்தாக வேண்டும். கைப்பேசியும் அந்நேரம் பெற்றோரின் கைக்கு வந்துவிடட்டும்.

"நாங்கள் படிக்காதவர்கள், பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?" என்று கேட்கிறீர்களா? உங்களால் முடிந்த பெரிய உதவி ஒன்று உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு சாரார் பாடத்தை மறுபடி மறுபடி படித்தனர். மறு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டனர்.

ஆகவே மாலையில் பிள்ளை குளித்துச் சாப்பிட்டபின் அரைமணி படிக்கட்டும். பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்து, மீண்டும் அரைமணி படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, "இன்றைக்கு என்ன படித்தாய் ஐயா, அம்மாவுக்குப் புரியும்படி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியவேண்டியதில்லை. அவன் தடுமாறுகிற இடம் எதுவோ, அதுதான் நாளை படிக்கவேண்டிய இடம். அதே பாடத்தை மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் மறுபடி கேளுங்கள்.

இரவெல்லாம் விளக்கு எரிவதால் பிள்ளை படிக்கிறான் என்று ஆகிவிடாது. அளவோடு படித்து, நேரத்தோடு தூங்கி, தினமும் உங்களிடம் பாடம் சொல்கிற பிள்ளை நிச்சயம் முன்னேறுவான். இன்று இரவே தொடங்குங்கள்.